அவனிடம் மூன்று சொற்கள் இருந்தன

என் மகனிடம் ஒன்றரை வயதில் மூன்று சொற்கள் இருந்தன. காக்கையைக் கண்டால் 'கா' என்பான். மாலையில் அவன் அப்பா மரப்படி ஏறிவரும் சத்தம் கேட்டால் 'பா' என்பான். எதிர் வாசல் இத்தாவைப் பார்த்தால் 'த்தா' என்பான். என்னை அவன் எந்தப் பெயரும் சொல்லி அழைத்ததில்லை. எந்நேரமும் கூடவே இருப்பவளை எதற்காக அழைக்க வேண்டும் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில், ஒரு சுக்குக் குடோனின் மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு அந்தக் குடோனில்தான் வேலை. வந்து இறங்கும் சுக்கைத் தரம் பிரிப்பதிலிருந்து, கப்பலுக்குப் போகும் சாக்குகளில் கறுப்பு மையால் மார்க் போடுவதுவரை அவர் பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அங்கே யாரையும் தெரியாது. மலையாளம் காதில் விழும், புரியாது. எதிர் வாசலில் இருந்த முஸ்லிம் பெண்மணிதான் எனக்கு எல்லாமாக இருந்தார். அந்தத் தெருவில் வயதில் மூத்த முஸ்லிம் பெண்களை இத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குக் குழந்தை இல்லை. அவர் கணவர் துறைமுகத்துக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் என் மகன் அவர் இடுப்பில்தான் இருப்பான். "வாடா மோனே, வாடா பொன்னே" என்று பேசிக்கொண்டே இருப்பார். பேச்சை நிறுத்தி அவர் மூச்சு விட்டதை நான் பார்த்ததில்லை.

அந்த மூன்று சொற்களும் எப்போது போயின என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு குழந்தைக்குப் பேச்சு வருவதை எல்லோரும் கவனிப்பார்கள். போவதை யார் கவனிப்பார்கள்? ஒரு மழைக்காலத்தின் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர்தான் கேட்டார்.

"இவன் 'பா'ன்னு சொல்லி நாளாச்சே, கவனிச்சியா?"

"நேத்துக்கூடச் சொன்னாம்லா."

"நேத்தா? நேத்து நான் வரும்போது ஜன்னல் கொண்டியத் தட்டிக்கிட்டு இருந்தான். திரும்பியே பாக்கல."

"அப்ப முந்தாநாளு."

முந்தாநாளும் இல்லை என்று எனக்கும் தெரியும். மறுநாள் காலையில் மகனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். சுக்கு காயும் முற்றத்தில் காக்கைகள் வந்து இறங்கின. "அங்க பாரு, யாரு வந்திருக்கா?" என்று கேட்டேன். அவன் ஜன்னல் கம்பியில் ஓடும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் 'கா, கா' என்று சொல்லிக் காட்டினேன். கீழே பூச்சி வராமலிருக்கச் சுக்குக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது கணவரின் அக்கா வசம்பைச் சுட்டு, தேனில் இழைத்து, அவன் நாக்கில் தடவினார். அவன் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான். "இந்தக் கத்து கத்துதவனுக்குப் பேச வராதா? நீ ஒண்ணும் கவலப்படாத. இவனப் பெத்தவனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் மதினி. என் மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவர் வெகுநேரம் கழித்து, "நான் நாலு வயசுலதான் பேசினேன்னு எங்க வீட்ல இதுக்கு முன்ன யாருமே சொன்னதில்ல" என்றார்.

இரண்டே கால் வயதில் பக்கத்திலிருந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். வயதானவர், பொறுமையானவர். மகனின் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார். அவன் அசையவில்லை. கை தட்டினார். அசையவில்லை. டாக்டர் நர்ஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் அறையின் மூலையில் நின்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தை மெல்லப் பிரித்தாள். மகன் சட்டென்று திரும்பினான்.

"காதுக்கு ஒண்ணும் கேடில்ல" என்றார் டாக்டர். அவருக்குத் தமிழ் ஓரளவு வந்தது. "வீட்டில் என்ன பாஷை?"

"தமிழ்" என்றார் கணவர்.

"அயல்பக்கம்?"

"எதிர் வீட்ல மலையாளம். குடோன் முதலாளி வீட்ல குஜராத்தி. அங்கயும் தூக்கிட்டுப் போவாங்க."

டாக்டர் தலையாட்டினார். "பாவம், இந்தக் குட்டி எதைப் பிடிக்கும்? ஒரே பாஷை போதும். தமிழ் மாத்திரம் இவன் காதில் விழட்டும்."

அன்று நாங்கள் கிட்டத்தட்ட மகிழ்ச்சியாகத்தான் வீடு திரும்பினோம். செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. முதலாளி வீட்டுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்துவது சுலபமாக இருந்தது. இத்தாவிடம்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இத்தா கேட்டுவிட்டு, மடியில் இருந்த அவனைக் குனிந்து பார்த்தார்.

"அப்போ ஞான் மோனோடு ஒந்நும் பறயண்டே?" என்று கேட்டார். இனி நான் பிள்ளையிடம் எதுவுமே பேசக் கூடாதா என்று.

"தமிழ்ல பேசுங்க இத்தா."

"எனிக்குத் தமிழ் அறியூல்லல்லோ." அவன் தலையைத் தடவி, "சாரமில்ல. அவன் மிண்டியால் மதி" என்றார். அவன் பேசினால் போதும், பரவாயில்லை.

அடுத்த நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததை என்னால் மறக்க முடியாது. கையில் ஒரு தட்டில் நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி. வழக்கமாகப் படியிலேயே அவர் குரல் கேட்கும். அன்று எதுவும் கேட்கவில்லை. வாசலில் நிழல் விழுந்ததும்தான் நிமிர்ந்தேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு வந்து, மகனுக்கு எதிரே உட்கார்ந்து, பழம்பொரியைப் பிய்த்து ஆறவைத்து அவன் வாயில் ஊட்டினார். கண்களால் சிரித்தார். முகத்தால் என்னென்னவோ செய்து காட்டினார். ஒரு சொல் சொல்லவில்லை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுப்போய்க் காதருகே கேட்டார். முதல் சில நாட்கள் மகன் அவருடைய உதடுகளையே பார்த்தான். விரலால் தொட்டும் பார்த்தான். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டான்.

மாலைகளில் என் கணவர் பாடம் நடத்தினார். குடோன் தூசியைக் கழுவிக் குளித்துவிட்டு வந்து மகனை மடியில் இருத்திக்கொள்வார். ஒரு டம்ளரை அவன் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். "டம்ளர். சொல்லு, டம்ளர்." மகன் டம்ளரின் விளிம்பில் தெரியும் பல்ப் வெளிச்சத்தைப் பார்ப்பான். அவர் அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவார். முகம் திரும்பும், கண் திரும்பாது. "டம்ளர்." அடுக்களையில் இருக்கும் என் உதடுகள் தாமாகவே அசைவதை நான் உணர்ந்திருக்கிறேன். டம்ளர், சீப்பு, பந்து, விளக்கு. எங்கள் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றின் பெயரும் அந்த மடியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சில நாள் அவர் குரல் உயர்ந்துவிடும். உடனே தணித்துக்கொள்வார். ஒருநாளும் அவனை அடித்ததில்லை.

நான்கு வயதானபோது, திருவனந்தபுரத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அந்த நான்கு வயதுக்காகத்தான் நான் காத்திருந்தேன். மதினி சொன்னது பொய்யாகவே இருந்தாலும், அதில் ஒரு துளியாவது உண்மை இருக்காதா என்று. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து போட்டில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து ரயில். போட்டில் மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒரு மெல்லிய ஒலியை இழுத்துக்கொண்டிருந்தான். எதிரே இருந்த பெண்மணி, "நல்ல பாட்டாணல்லோ" என்று சிரித்தார், நன்றாகப் பாடுகிறான் என்று. நானும் சிரித்துவைத்தேன்.

அங்கே டாக்டரைச் சுற்றி, டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் நின்றார்கள். டாக்டர் ஒரு பொம்மைக் காரை மகனிடம் கொடுத்தார். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்து ஒரு சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டே இருந்தான். டாக்டர் என்னிடம் கேட்டார். எனக்குப் புரிவதற்காக மெதுவாகக் கேட்டார்.

"எதையாவது விரல் நீட்டிக் காட்டுவானா?"

"இல்ல."

"ஏதாவது ஒண்ணு பிடிச்சுப்போனா எடுத்துவந்து உங்ககிட்டக் காட்டுவானா?"

"இல்ல."

"பின்னே, வேணும்னா என்ன செய்வான்?"

"என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அதுமேல வைப்பான்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். குழந்தைகள் விரல் நீட்டிக் காட்டும், கொண்டுவந்து காட்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு முதல் பிள்ளை. பேச்சு ஒன்றுதான் வரவில்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். டாக்டர் என் கணவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டாக்டரின் வாய் அசைவதும், என் கணவர் தலையாட்டிக்கொண்டே இருப்பதும் தெரிந்தது.

ரயில் கொல்லத்தைத் தாண்டியிருந்தது. மகன் என் மடியில் தூங்கிப்போயிருந்தான்.

"பாஷைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லயாம்" என்றார். "எத்தன பாஷ கேட்டாலும் பேசுத பிள்ள பேசிருமாம்."

"அப்ப இவன்?"

"இவன் இப்படித்தானாம்."

"எத்தன வயசு வரைக்கும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லையோ என்று திரும்பவும் கேட்டேன். "என்னத்தையாவது கேட்டுக்கிட்டே இருக்காத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோல இருந்தது.

மட்டாஞ்சேரிக்கு வந்த மறுநாள் இத்தாவிடம் போய், "இனிமே நீங்க அவன்கிட்டப் பேசலாம்" என்றேன். வேறு எதையும் விளக்கத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்து, ஜன்னலருகே இருந்த அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மோனே" என்றார். அதற்குமேல் அவருக்கும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாள் அடைத்துவைத்ததை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அப்புறம் மீன் விலையைச் சொன்னார். தன் கணவரின் இருமலைச் சொன்னார். தன் தங்கை வீட்டுச் சண்டையைச் சொன்னார். அன்று மதியம் முழுவதும் சொன்னார். மகன் ஜன்னல் கொண்டியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து போகும்போது, "அவன் கேக்குந்நுண்டு" என்றார். அவன் கேட்கத்தான் செய்கிறான் என்ற அந்த நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கு இல்லை.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். இன்னொன்று வேண்டாம் என்றுதான் இருவரும் இருந்தோம். வந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகாத ஒரு காலையில், பாயில் தவழ்ந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்து 'ம்மா' என்றாள். தோசைக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. கணவர் கண்ணாடி முன் முகத்தில் பாதி சோப்போடு திரும்பினார்.

"கேட்டியா?"

"ம்."

"யார்ட்டயும் சொல்லாத."

"கண்ணு படும்னா?"

"இல்ல. இதுவும் போயிருமோன்னு."

மகள் மறுபடியும் 'ம்மா' என்றாள். நாங்கள் இருவருமே அவளைத் தூக்கவில்லை. மூலையில் மகன் சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் அவளைக் கொஞ்சுவது எங்களால் முடியவில்லை.

அவள் சொல் எதுவும் போகவில்லை. மூன்று வயதில் தெரு முழுவதற்கும் அவள் குரல் கேட்டது. "அம்மே, எனக்குச் சாயா வேணும், இத்தா வீட்ல கப்பை வெச்சிருக்கு, ஞான் போயிட்டு வரட்டே" என்று தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். எந்தப் பாஷையும் அவளைக் குழப்பவில்லை. அவள் பேசும்போதெல்லாம் பூரிப்பாகத்தான் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. இத்தனை சுலபமான காரியமா இது என்று தோன்றும். மடியில் இருத்தி, முகவாயைப் பிடித்து, விளக்கைக் காட்டிச் சொல்லித்தராமலே அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. என் கணவர் மாலைப் பாடத்தை எப்போது நிறுத்தினார் என்று சொல்லத் தெரியவில்லை. குளித்துவிட்டு வந்தவர் வானொலிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் மகனைச் சேர்க்கவில்லை. ஒரு தலைமையாசிரியை மிகவும் கனிவாகவே சொன்னார், "மற்ற குட்டிகளுடைய அம்மாமார் சம்மதிக்கமாட்டார்" என்று. இன்னொரு இடத்தில் அதுகூடச் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் முதலாளி குடோனை விற்றுவிட்டார். நாங்கள் பள்ளுருத்திக்குக் குடிபோனோம். கணவருக்கு வேறொரு மிளகுக் கடையில் வேலை கிடைத்தது. புது வீட்டு வாசல் நேராகத் தெருவில் இறங்கியது. மகனுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. அவன் வெளியே போய்விட்டால் பார்ப்பவர்களுக்கு வீடு தெரியட்டும் என்று, கணவர் சாக்கில் மார்க் போடும் மையைக் கொண்டுவந்து, அவன் சட்டைகள் எல்லாவற்றின் உள்பக்கமும் எங்கள் விலாசத்தை மலையாளத்தில் எழுதினார்.

அவன் ஒருநாள் காலையில் போனபோது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். காலர் கழுத்தில் பட்டால் அவனுக்குப் பிடிக்காது.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கதவு திறந்திருந்தது. தெருத்தெருவாக ஓடினேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளையாக இருந்தால் கூப்பிடலாம். கணவர் கடையிலிருந்து வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மாதிரிதான். "பேரு விளிச்சால் திரிஞ்ஞு நோக்குமோ?" என்று கேட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா என்று.

"இல்ல" என்றார் கணவர்.

"வீடு எவிடென்னு சோதிச்சால்?" வீடு எங்கே என்று கேட்டால்?

"பேச மாட்டான் சார்."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "பின்னே எங்ஙனெயா?" என்றார். பின்னே எப்படிக் கண்டுபிடிப்பது என்று.

சாயங்காலம் தகவல் வந்தது. வைட்டிலா சந்திப்பில் ஒரு சாயாக் கடையில் ஒரு பையன் இருக்கிறான் என்று. எந்தப் பஸ்ஸில் எப்படி ஏறினான் என்று தெரியாது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறக்கிவிட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் கடையின் பெஞ்சில், யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு, சாலையில் போகும் லாரிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் வரும்போதே எனக்குள் ஒரு எண்ணம் ஊறியிருந்தது. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஒருநாள் முழுக்க என்னைக் காணாமல், தெரியாத முகங்களுக்கு நடுவில் பயந்துபோய் இருப்பவன், என்னைக் கண்டதும் கூப்பிட்டுவிடுவான் என்று. அப்படி எங்கோ நடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதிர்ச்சியில் பேச்சு வந்துவிடும் என்பார்கள். அவன் முன்னால் போய் நின்றேன். அவன் பார்வை என் மேல் பட்டது, பெஞ்சின் மேல் படுவதுபோல. திரும்பச் சக்கரங்களுக்குப் போய்விட்டது.

கடைக்காரர் என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "நிங்ஙளுடே மோன் தன்னேயாணோ?" என்று சந்தேகமாகக் கேட்டார். உங்கள் மகன்தானா? அவரைக் குறை சொல்ல முடியாது. கணவர் எங்கள் குடும்பப் போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மகன் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்துக்கொண்டுபோய், பன் இருந்த கண்ணாடி பாட்டிலின் மேல் என் கையை வைத்தான். கடைக்காரர் சிரித்துவிட்டார். "அம்ம தன்னே", அம்மாவேதான் என்று சொல்லி, போட்டோவைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பன்னை எடுத்து நீட்டினார்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னாளில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும், பார்த்தாயா, அவனுக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது என்று என்னைத் தேற்றினார்கள். இருக்கலாம். ஆனால் அன்று திரும்பும் பஸ்ஸில், அவன் என் தோளில் பன் துகள் சிந்தத் தின்றுகொண்டிருந்தபோது, எனக்குள் ஏதோ ஒன்று முடிந்துபோயிருந்தது. அழுகை வரவில்லை. கணவர் மட்டும், யாரும் பார்க்காதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்டர் பெயரோ கோயில் பெயரோ யாராவது சொன்னால் கணவர் கேட்டுக்கொள்வார், அதோடு சரி. மகன் வளர்ந்தான். மீசை அரும்பியது. அவனைக் குளிப்பாட்டுவது என் கையிலிருந்து அவர் கைக்குப் போனது. நமக்குப் பிறகு இவனை யார் குளிப்பாட்டுவார்கள் என்ற கேள்வியை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்தான் நினைத்திருப்போம். கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அவளோடு படிக்கும் பெண் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மகன் ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவன் எதிரே நின்று, "சேட்டன்றெ பேரெந்தா?" என்று அவன் பெயரை அவனிடமே கேட்டாள். பதிலுக்காக நின்றாள். சாதாரணமாக ஒருவர் நிற்கும் நேரத்தைவிட அதிகமாக நின்றாள். நான் துணியோடு அப்படியே இருந்தேன்.

மகள் அலமாரியில் ரப்பர் தேடிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "அவன் மிண்டூல்ல" என்றாள். அவன் பேசமாட்டான்.

"இனி மிண்டுமோ?" இனிமேலாவது பேசுவானா?

"இல்ல." ரப்பர் கிடைத்துவிட்டது. "வா, நமுக்கு வெளியில் களிக்காம்."

இருவரும் விளையாடப் போனார்கள். சாயங்காலம் நான் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல."

"ம்" என்றார். கால் கழுவப் போனார். நான் மகனுக்குச் சோறு பிசைய உட்கார்ந்தேன்.